மஹ்ரூப் ஹாஜியாரின் அம்பு

பலீல்: ...செங்கல் வச்சிருந்தா இந்த ஏழு மாசத்தில கலியாண மண்டபத்தையே கட்டி முடிச்சிருக்கலாம் மச்சான். நாங்க இன்னும் அதுட வெப்சைட்டைக் கீறிக்கொண்டு ஈக்கிறோம்.

வரதராசா: மண்டபம் கட்டுறது சுகம், பலீல். செங்கல் வாய் திறக்காது. வெப்சைட்டுக்கு வாடிக்கையாளர் எண்டு ஒருத்தர் இருக்கிறார்.

பலீல்: அந்த ஒருத்தர்தான் நேத்து எழுதி ஈக்கிறார். வாசிக்கட்டா? "வெறும் படம் பார்த்து அலுத்துவிட்டது. என்னுடைய போனில் ஒரு பொத்தானைத் தொட்டால் அடுத்த பக்கம் திறக்க வேண்டும். அன்புடன், மஹ்ரூப் ஹாஜியார், தெஹிவளை."

வரதராசா: நியாயமான மனுசன்.

பலீல்: நியாயம்தான். ஆனா நீ கீறுறது ஒபிஸ் கூட்டத்துக்குப் படம் காட்டுற சாமான்ல. அதைத் தொட்டா அடுத்த பக்கமா திறக்கும்?

வரதராசா: பலமாத் தொட்டால் திறக்கும்.

பலீல்: கொட்டாஞ்சேனையில ஈந்து இப்ஹாம் கோல் எடுத்தான். "மாமா, கோட் எழுதுறது நான். நீங்க ரெண்டு பேரும் ஸ்கிரீனைப் போட்டோ புடிச்சி வட்சப்ல அனுப்பினா, பொத்தான்ட அகலத்தை நான் அடிமட்டம் வச்சா அளக்கிற?" எண்டு கேக்கிறான்.

வரதராசா: அளந்தால் என்ன? நாப்பது வருசம் கட்டடப் படம் கீறினவன் நான். அடிமட்டம் வச்சு அளக்காத ஒண்டும் கொழும்பில எழும்பினதில்லை.

பலீல்: கதையை மாத்தாதே. டிசைன் செய்யிறதுக்கு ஒரு ஒழுங்கான டூலை இண்டைக்கு முடிவு செய்யாம நான் இந்தக் கதிரையால எழும்ப மாட்டேன்.

வரதராசா: அப்ப முடிவு செய்யாமலே விடுவம். நீ இரு.

இரத்தினம்மா: பலீல் அண்ணை, தேத்தண்ணியைக் குடியுங்கோ முதல். அறுபத்தெட்டுப் படி ஏறி வந்த மனுசனுக்கு மூச்சு விட நேரம் குடுக்கிறாரே இவர்.

பலீல்: நல்லாச் செல்லுங்க தங்கச்சி... ம், இதுதான் தேத்தண்ணி. சரி வரதன், மூணு டூல் எழுதி வந்தேன். முதலாவது, ஸ்கெச்.

வரதராசா: எப்பிடி?

பலீல்: நல்லமாம். ஆனா அப்பிள் மெஷின்லதான் ஓடுமாம்.

வரதராசா: இந்த வீட்டுக்குள்ள அப்பிள் பழம் வந்தே மூண்டு வருசம். வெட்டு.

பலீல்: வெட்டிட்டேன். ரெண்டாவது, நீ எடுப்பம் எண்டு செல்ற அந்த டூல்.

வரதராசா: அதுதான் சாமான். மெஷினுக்குள்ள ஒரு தரம் ஏத்தினால் காணும், நெட் தேவையில்லை. பேர் வாயில நுழையாது, குணம் தங்கம்.

பலீல்: அதுல தமிழ் எழுதிப் பார்த்தியா? "கொண்டாட்டம்" எண்டு அடிச்சா கொம்பு ஒரு கரையில நிக்கி, கால் மத்தக் கரையில நிக்கி, "க" நடுவில அநாதையா நிக்கி.

வரதராசா: கொஞ்சம் காத்து வாங்குது. பிறகு சேர்ந்திடும்.

பலீல்: அதை விடு. அந்த டூல் ஒன்ட மெஷினுக்குள்ள ஈந்தா, நான் எங்க ஈக்கிற?

வரதராசா: எனக்குப் பக்கத்தில. இந்தக் கதிரையில. நீ சொல்லு, நான் கீறுறன். அஞ்சு வெப்சைட்டும் அப்பிடித்தானே செய்தனாங்கள். கொட்டாஞ்சேனைக் கேக் கடைக்காரி இண்டைக்கும் எங்களை வாழ்த்துறாள்.

பலீல்: கேக் கடைக்கு ஆறு பக்கம். இது முப்பது பக்கம்! முப்பத்தஞ்சு வருஷம் காலி ரோட்ல சாரி வித்தவன் நான். கடைக்குள்ள வாற பொம்பிளைட கண்ணு முதல் எங்க போகும், மறுகா எங்க போகும் எண்டு எனக்குத் தெரியும். அந்த மூளைக்குத்தானே என்னையப் பார்ட்னராச் சேர்த்த?

வரதராசா: மூளைக்கில்லை. கடையை வித்துப் போட்டு நீ வீட்டில இருந்து குசினி அலுமாரியை நிறவாரியா அடுக்கத் தொடங்கினனீ. உன்ர மகள் ஷஹீமா கையெடுத்துக் கும்பிட்டு உன்னை என்னட்ட ஒப்படைச்சவ.

பலீல்: மிளகாய்த்தூளும் மஞ்சளும் பக்கத்தில பக்கத்தில ஈக்கக் கூடா மச்சான். கண்ணுக்குச் சரியில்ல... அது போகட்டும். மூணாவது, பிக்மா.

வரதராசா: கேள்விப்பட்டனான். அது வேண்டாம்.

பலீல்: செல்ல முந்தியேயா! அது நெட்டுக்குள்ள ஈக்கிற டூல். நீ இங்க ஈந்து கீறலாம், நான் வேறெங்கயாலும் ஈந்து கீறலாம். ஒரே பக்கத்தை ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கீறலாம்.

வரதராசா: ஒரே நேரத்திலயோ? எங்கட ஒபிசில ஒருக்கா அப்பிடி நடந்தது. கிருலப்பனையில ஒரு வீடு. அவசரமெண்டு படத்தின்ர இடப்பக்கத்தை நான் கீறினன், வலப்பக்கத்தைத் தங்கையா கீறினார். நடுவில வந்து சந்திச்சுப் பார்த்தால் ரெண்டு குசினி.

பலீல்: ஒண்டை அழிச்சிருக்கலாமே.

வரதராசா: அதுக்கிடையில கட்டிப் போட்டாங்கள். வீட்டுக்காரன் என்ன செய்வான், பாவம். ரெண்டாங் கலியாணம் கட்டினான்.

இரத்தினம்மா: முந்தநாள் என்ர தங்கச்சிக்குச் சொல்லேக்குள்ள மூண்டு குசினி எண்டல்லோ சொன்னனீங்கள்?

வரதராசா: மூண்டாவது பேந்து கட்டினது, இரத்தினம்.

பலீல்: யா அல்லாஹ்... கேளு வரதன். எங்கட வெப்சைட்டுக்கு மூணு பாஷை. இங்கிலீசில "புக்" எண்டா பொத்தான் ஒரு விரல் அகலம். தமிழ்ல "முன்பதிவு செய்யுங்கள்" எண்டா அது சுவரை ஒடச்சிக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போற. நாப்பத்திரண்டு பொத்தானையும் ஒவ்வொண்டா நீதான் இழுத்து நீட்டின. பிக்மாவில தாய்ப் பொத்தான் ஒண்டை நீட்டினாச் சரி, பிள்ளைகள் எல்லாம் தானா நீளும்.

வரதராசா: தானா நீளுமெண்டால் நாங்கள் ரெண்டு பேரும் என்னத்துக்கு? அந்த நாப்பத்திரண்டையும் இழுக்கப் பதினொரு நாள் எடுத்தது. நல்ல பதினொரு நாள்.

பலீல்: பதினொரு நாளும் நீ பொத்தான் இழுக்கல்ல. கதை செல்லிக்கொண்டு ஈந்த.

வரதராசா: இழுத்துக்கொண்டுதான் சொன்னனான்.

பலீல்: இன்னும் ஈக்கி. ஆர், எந்த நேரம், எதை மாத்தின எண்டு எல்லாம் எழுதி வைக்கும். பழசு வேணுமெண்டாத் திரும்பி எடுக்கலாம்.

வரதராசா: ஆர் எண்டு... பேரோடயோ எழுதும்?

பலீல்: பேரோடதான். ஏன் மொகம் இப்பிடிப் போகுது?

வரதராசா: வடையில மிளகாய் ஒண்டு கடிபட்டது. தனிமனுசன்ர விசயத்துக்குள்ள தலை போடுற டூல் எனக்குச் சரிவராது.

பலீல்: மச்சான்... வேலைக்கு மட்டும் இல்ல நான் கேக்கிற.

வரதராசா: பின்ன?

பலீல்: ஷஹீமா கல்கிசையில பிளட் வீடு ஒண்டு பார்த்து ஈக்கிறா. மருமகனுக்கு ஒபிஸ் அங்கால. அடுத்த மாசம் போக வரும்.

வரதராசா: ஆர் போக?

பலீல்: அவங்க... நானும்தான். எல்லாரும்.

வரதராசா: கல்கிசையில உப்புக் காத்து. யன்னல் கம்பியெல்லாம் கறள் பிடிக்கும்.

பலீல்: வெள்ளவத்தையில கடல் இல்லையா?

வரதராசா: இது வேற கடல்.

பலீல்: ஒரே கடல் வரதன்! ஒரே ரோட்!... பிக்மா எண்டா கிழமையில ரெண்டு நாள் நான் அங்க ஈந்தே செய்யலாம். மழை நாளைக்கு, முழங்கால் நோவுற நாளைக்கு. மத்த நாளைக்கு வருவேன்தானே.

வரதராசா: ரெண்டு நாள் மூண்டாகும். மூண்டு ஆறாகும். பேந்து பெருநாளைக்கு வட்டிலப்பத்தோட வந்து நிப்பாய். வருசத்துக்கு ரெண்டு பெருநாள்.

பலீல்: அப்பிடிச் செல்லாதே.

வரதராசா: தையில விழுந்து இடுப்பெலும்புக்குத் தகடு வச்ச நாளில இருந்து நான் இந்த மூண்டாம் மாடியால கீழ இறங்கேல்லை. லிப்டும் இல்லை. காலி வீதியில ஆர் கடை பூட்டினது, ஆர் புதுசாத் திறந்தது, ஆற்ற மகள் ஆரோட போட்டாள், எல்லாம் நீ வந்து சொன்னால்தான் எனக்கு வெள்ளவத்தை... சரி, விடு. நெட் போச்செண்டால் உந்த பிக்மாவும் போயிடும். அதுதான் என்ர ஆட்சேபணை. வேற ஒண்டுமில்லை.

இரத்தினம்மா: பலீல் அண்ணை, பன்னெண்டு மணியாகுது. நேரத்தைப் பாருங்கோ.

வரதராசா: அவனுக்கென்ன நேரம்? உந்தா மற்ற ஒழுங்கையில வீடு. மூண்டு நிமிச நடை.

பலீல்: ஓ... மூணு நிமிஷம்தான்... சரி, நெட் போகுமா போகாதா எண்டு ஒரு டெஸ்ட் வைப்போம். ஒன்ட மெஷின்ல பிக்மா திறந்து ஈக்கி. நான் என்ட லெப்டொப்பையும் போனையும் எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போறேன்.

வரதராசா: என்ர மெஷினில எப்ப திறந்தனீ?

பலீல்: நீ ரெண்டாவது குசினி கட்டிக்கொண்டு ஈக்கக்குள்ள... ஆ, பல்கனிக்கு வந்துட்டேன். கேக்குதா?

வரதராசா: எனக்கு இடுப்புத்தான் போனது. காது இருக்கு. கத்தாதை.

பலீல்: ஸ்கிரீனைப் பாரு. என்ன தெரியுது?

வரதராசா: ஒரு அம்பு ஓடித் திரியுது. வாலில உன்ர பேர் எழுதியிருக்கு.

பலீல்: அதுதான் நான்.

வரதராசா: மெலிஞ்சிட்டாய்.

பலீல்: பாரு, இப்ப நான் மேல போறேன்... தலைப்பைப் புடிக்கிறேன்... இழுக்கிறேன்... ஏய், என்ன நிண்டு போச்சு? வரதன்! ஒண்டும் அசையல்ல!

வரதராசா: நெட் போட்டுது. நான் சொன்னனானெல்லோ? நம்ப ஏலாத டூல். உள்ளுக்கு வா, வடை சாப்பிடுவம்.

இரத்தினம்மா: நெட் ஒரு இடமும் போகேல்லை, பலீல் அண்ணை. கைப்பொல்லை நீட்டி சுவிச்சைத் தட்டிவிட்டவர். குசினிக்குள்ள நிண்டு நான் கண்டனான்.

வரதராசா: கால் விறைச்சது. பொல்லு தானாப் போனது.

இரத்தினம்மா: தானாப் போய் சுவிச்சை அமத்திப் போட்டு தானா வந்ததோ? இந்தா, போட்டிட்டன். தொடங்குங்கோ அண்ணை.

பலீல்: வந்துட்டுது, வந்துட்டுது. இந்தா, பொத்தானைப் புடிச்சிட்டேன்.

வரதராசா: ஏய், ஏன் அதைப் பச்சையாக்கினனீ?

பலீல்: ஹாஜியார் கேட்டது. "பச்சை இன்னும் பச்சையாக வேண்டும்" எண்டு ஆடி மாசக் கடிதத்தில.

வரதராசா: கேட்டவர்தான். ஆனால் அந்தாளுக்குப் பச்சை வடிவாத் தெரியாது.

பலீல்: நீலம் தெரியாதெண்டு செல்லின?

வரதராசா: நீலமும். சனிக்கிழமையில மஞ்சளும்.

பலீல்: சரி, இப்ப நான் போன்ல தொடுறேன், கவனமாப் பாரு... "முன்பதிவு செய்யுங்கள்"... வரதன்! திறந்திச்சு! மண்டபத்துட பக்கம் திறந்திச்சு! மறுகா தொட்டா சாப்பாட்டுப் பக்கம்! நான் உள்ளுக்கு வாறேன், நீ எழும்பாதே. இந்தா, போனைப் புடி. நீயே தொடு.

வரதராசா: இதிலயோ?... அட. புரியாணிப் பக்கம் வந்திட்டுது. இதில தொட்டால்... பொம்பிளை மாப்பிளை மேடை. பலீல், நாங்கள் கீறினது நடக்குது.

பலீல்: நடக்குது.

வரதராசா: என்ர இடுப்பை விட நல்லா நடக்குது. இரத்தினம், இஞ்ச வந்து ஒருக்காத் தொட்டுப் பாரும். மாக் கையைத் துடைச்சுப் போட்டு வாரும்.

இரத்தினம்மா: அச்சா வடிவாயிருக்கு. இந்த மேடைக்குப் பின்னால தொங்குற சீலை ஆற்ற ஐடியா?

வரதராசா: வேற ஆற்ற? முப்பத்தஞ்சு வருசம் சாரி மடிச்ச கையின்ர.

பலீல்: இவன் என்னைய வாழ்த்துறான். மழைதான் வரும் இண்டைக்கு... சரி, இதே சூட்டில ஹாஜியாரையும் உள்ளுக்குக் கூப்பிடுவோம்.

வரதராசா: எதுக்குள்ள?

பலீல்: இதுக்குள்ளதான். லிங்கை அனுப்பினா அவர்ட அம்பும் வரும். ஒன்ட ஒண்டு, என்ட ஒண்டு, ஹாஜியார்ட ஒண்டு. அவரே தொட்டுப் பார்த்து, புடிக்காத இடத்துக்குப் பக்கத்தில கருத்து எழுதலாம். இனிக் கடிதம் வேணாம்.

வரதராசா: ஹாஜியார் வரமாட்டார்.

பலீல்: ஏன்?

வரதராசா: உம்ராவுக்குப் போட்டார்.

பலீல்: நேத்துத்தானே கடிதம் எழுதினார்?

வரதராசா: எழுதிப் போட்டுத்தான் பிளேன் ஏறினவர். முறையான மனுசன்.

பலீல்: மக்காவில ஈந்து பார்க்கட்டும். அங்கயும் நெட் ஈக்கி.

வரதராசா: அவருக்கு அம்பைக் கண்டால் பயம்.

பலீல்: கம்ப்யூட்டர் அம்பையா?

வரதராசா: எந்த அம்பையும். சின்னனில ஒண்டு பட்டது.

பலீல்: எங்க வச்சி?

வரதராசா: தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கிட்ட. குரங்கு எறிஞ்சதெண்டு சொல்லுகினம். அவர் விபரமாக் கதைக்க விரும்புறேல்லை.

பலீல்: வரதன்... தெஹிவளையில கலியாண மண்டபம் வச்சிருக்கிற ஹாஜியார்மார் நாலு பேர். நாலு பேர்ட மகள்மாருக்கும் கலியாணச் சாரி நான்தான் குடுத்தேன். அதில மஹ்ரூப் எண்டு ஒருத்தரும் இல்ல.

வரதராசா: இவர் அஞ்சாவது. முகம் ஞாபகத்தில நிக்காத ஆள். பெத்த தாயே ரெண்டு தரம் பேர் கேட்டவவாம்.

பலீல்: அப்பிடியா? சரி, நான் லிங்கை அவர்ட இமெயிலுக்கு அனுப்பிட்டேன்.

வரதராசா: எப்ப?

பலீல்: இப்ப... அதென்ன சத்தம்?

வரதராசா: எது?

பலீல்: "டிங்" எண்டு ஒண்டு. ஒன்ட மெஷின்ல.

வரதராசா: பக்கத்து வீடு.

பலீல்: இன்னொரு தரம் அனுப்புறேன்... ஆ. கேட்டியா?

வரதராசா: அந்த வீட்டில மணி அடிச்சுப் போட்டுத்தான் சாப்பிடுறவை. ஒழுங்கான குடும்பம்.

பலீல்: ஸ்கிரீன்ட மூலையில பேர் எழும்பி ஈக்கி மச்சான். "மஹ்ரூப் ஹாஜியாருக்கு இரண்டு புதிய கடிதங்கள்". மக்காவுக்குப் போன மனுஷன் ஒன்ட மடியில வந்து இறங்கி ஈக்கிறார்.

வரதராசா: என்ர மெஷினை அவர் இடைக்கிடை பாவிக்கிறவர்.

இரத்தினம்மா: இஞ்சேருங்கோ, காணும். இனியும் என்னத்துக்கு இழுக்கிறியள்? பலீல் அண்ணை, ஏழு மாசமா ஹாஜியார் விடிய அஞ்சு மணிக்கு எழும்பி, இந்த மேசையில இருந்து டைப் அடிக்கிறார். நான்தான் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறன். சீனி குறைவாம் அவருக்கு.

வரதராசா: இரத்தினம்!

இரத்தினம்மா: என்னை ஏன் முழுசுறியள்? அந்தாளுக்கு உம்ராவும் நீங்கள்தானே குடுத்தனீங்கள். அந்த மனுசன் போறாரெண்டு எனக்கு ஒரு வார்த்தை சொன்னனீங்களோ?

வரதராசா: பலீல்... கோவிக்காதை.

பலீல்: நான் ஒண்டும் செல்லல்லையே.

வரதராசா: பல் டொக்டரின்ர வெப்சைட்டைத் தையோட முடிச்சுக் குடுத்திட்டம். பேந்து ஒருத்தரும் வரேல்லை. நானும் இடுப்பில தகட்டோட கட்டில்ல. வேலையும் இல்லையெண்டால் நீ இந்தப் படியெல்லாம் ஏறி என்னத்துக்கு வரப்போறாய்? ஒரு கிழமை வருவாய், பாவமெண்டு. ரெண்டாங் கிழமை போன் எடுப்பாய்... படுத்துக்கொண்டு யோசிச்சன். ஒரு வாடிக்கையாளர் வேணும். உங்கட ஆளாயிருந்தால் மரியாதைக்கெண்டாலும் இடையில விடமாட்டாய். அப்பிடித்தான் மஹ்ரூபைப் பிடிச்சன்.

பலீல்: புடிச்ச புடியில அந்தாளுக்கு மூணு மகள்மார், ரெண்டு ஒப்பரேஷன், நீலமும் தெரியா.

வரதராசா: போகப் போக எனக்கே அந்தாளில ஒரு விருப்பம் வந்திட்டுது.

பலீல்: எனக்கும்தான்.

வரதராசா: ...என்னது?

பலீல்: எனக்கு முதல் கடிதத்திலயே தெரியும் மச்சான்.

வரதராசா: எப்பிடித் தெரியும்? எழுத்துத் தமிழிலயெல்லோ எழுதினனான். உங்கட சொல்லெல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டு, ஸலாம் சொல்லித் தொடங்கி...

பலீல்: ஸலாத்துக்கு மேல என்ன போட்ட?

வரதராசா: மேல ஒண்டும் போடேல்லையே.

பலீல்: கடிதத்துட உச்சியில, சரி நடுவில, தனிய ஒரு "உ". மூணு தரம் ஹஜ் செஞ்ச மனுஷன் பிள்ளையார் சுழி போட்டுத்தான் எழுதத் தொடங்குறார். ஏழு மாசத்தில பத்தொன்பது கடிதம். ஒண்டிலயும் மறக்கல்ல. அவ்வளவு பக்தி.

வரதராசா: அது நான் போடுறேல்லை பலீல். கை போடுறது. ஏடு தொடக்கின நாளில இருந்து.

இரத்தினம்மா: கடைச் சிட்டைக்கும் போடுறவர், மருந்துத் துண்டுக்கும் போடுறவர். ஆசுப்பத்திரியில ஒப்பரேசனுக்குச் சம்மதமெண்டு சைன் வைக்கிற தாளிலயும் ஒண்டைப் போட்டுத்தான் சைன் வச்சவர். நேர்ஸ் பிள்ளை என்ன வருத்தத்தின்ர பேர் இது எண்டு கேட்டவள்.

வரதராசா: அப்ப ஏன்டாப்பா சொல்லேல்லை? எல்லாம் தெரிஞ்சுகொண்டோ நாப்பத்திரண்டு பொத்தானுக்கும் பக்கத்தில இருந்தனீ?

பலீல்: நான் செல்லியிருந்தா ஹாஜியார் அண்டைக்கே மவுத். ஒரு நல்ல மனுஷனை என்னத்துக்கு நான் கொல்ல? அதோட, கலியாண மண்டபம் எண்டாச் சீலை, மேடை, விளக்கு... எனக்கும் ஆசையா ஈந்திச்சு. உண்மையான வாடிக்கையாளர் எவன் எங்களை இவ்வளவு இஷ்டத்துக்கு விட்டான்? இந்தக் கேக் கடைக்காரி ஒரு ரோசா நிறத்துக்கு என்னோட ஒன்பது நாள் சண்டை.

வரதராசா: பத்து நாள்.

பலீல்: பத்து நாள். இந்த மண்டபத்தை அந்த நாலு உண்மையான ஹாஜியார்மாருக்கும் காட்டினா, ஒருத்தராவது கட்டாயம் எடுப்பார். போன்ல தொட்டாத் திறக்கிற மாதிரிக் காட்ட வேணும், அவ்வளவுதான். அதுக்குத்தான் செல்றேன் மச்சான், பிக்மா எண்டு.

வரதராசா: ...எடு.

பலீல்: என்ன?

வரதராசா: பிக்மாவையே எடு எண்டுறன். உண்மையைச் சொன்னால் நல்ல டூல்தான். நான் தனிய இருந்து இரவில ரெண்டு தரம் திறந்து பார்த்தனான்.

இரத்தினம்மா: ஹாஜியார்தான் பார்த்ததெண்டு நான் நினைச்சன்.

வரதராசா: நீர் சும்மா இரும்... பலீல், நீ படியேறேக்குள்ள ஒவ்வொரு மாடியிலயும் நிண்டு மூச்செடுக்கிறது இந்தக் கதிரைக்குக் கேக்கும். ரெண்டாம் மாடியில கூட நேரம் நிப்பாய். கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தனான், பாவி. வா வா எண்டு பொய்க் கடிதம் வேற. இனிக் காணும். நீ கல்கிசைக்குப் போய் மகளோட சுகமா இரு. பதினொரு மணிக்கு அம்பா வந்தாச் சரி. வாலில பேர் இருக்குமெல்லோ, நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பன்.

பலீல்: வரதன்...

வரதராசா: அடுத்த மாசம் எத்தினையாந் திகதி போறியள்?

பலீல்: தேத்தண்ணி இன்னும் கொஞ்சம் ஈக்கா தங்கச்சி?

வரதராசா: திகதியைச் சொல்லடாப்பா. நானும் மனசை ஒரு மாதிரித் தயார்ப்படுத்த வேணுமெல்லோ. ஒரேயடியா நாளைக்கு இல்லையெண்டால் எனக்குக் கஷ்டம்.

இரத்தினம்மா: சொல்லுங்கோ பலீல் அண்ணை. இவர் தன்ரயைச் சொல்லி முடிச்சிட்டார். இனி உங்கட முறை.

வரதராசா: இவனுக்கு என்ன முறை? இரத்தினம், உமக்கு என்ன தெரியும்?

இரத்தினம்மா: நான் சந்தைக்குப் போய் வாற ஆள். எனக்கென்ன தெரியாது? அண்ணை சத்தியம் வாங்கிப் போட்டார், அதாலதான் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறன்.

பலீல்: அடுத்த மாசம் எண்டது பொய் மச்சான்... நோம்புப் பெருநாள் முடிஞ்ச மத்தக் கிழமையே சாமான் ஏத்தியாச்சு. நாலு மாசமா நான் கல்கிசையில ஈந்து, பத்து மணி ரயில்லதான் ஒன்னட்ட வாறேன். செல்லினா, "வராதே பலீல், ஒன்ட காலைப் பாரு" எண்டு நீ தடுத்திருவாய்.